கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி

"எங்க ஊரை ஏங்க சிவப்புல அடிச்சு வெச்சிருக்கீங்க?"

மழைக்கு ஒதுங்கிய இடத்தில் இப்படி ஒருவன் சண்டைக்கு வருவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கருத்தரங்கு மண்டப வாசலில், நனைந்துவிட்டதா என்று பார்க்கத்தான் வரைபடத்தை விரித்திருந்தாள். நிமிர்ந்தால்... நீர் சொட்டும் இமைகள், பெரிய கண்கள். பாழாய்ப்போன கண்கள்!

அரசு சேவைகளை இணையத்துக்கு மாற்ற நகரங்கள் செய்த செலவுக்கும், அவற்றின் பொருளாதார வளர்ச்சிக்கும் என்ன தொடர்பு என்று அளப்பது அவள் ஆராய்ச்சி. ஒவ்வொரு நகரமும் ஒரு புள்ளி. செலவு கூடக் கூட வளர்ச்சியும் கூட, கோடு அழகாக ஏறியது. ஓர் ஊர் மட்டும் வாரி இறைத்துவிட்டுக் கீழேயே கிடந்தது. அதைச் சிவப்பில் அடித்து நீக்கிவிட்டாள். அவள் வேலை நிரந்தரமாவதே அந்தக் கோட்டை நம்பித்தான் இருந்தது.

"அது விதிவிலக்கு. கணக்கைக் கெடுக்குது."

"அந்த ஊர் மாநகராட்சியில கணினிப் பிரிவே நான்தான். போட்ட வருஷமே பலன் வேணும்னா எப்படிங்க? ஜனங்க பழக வேண்டாமா?"

"சாக்கு சொல்லாதீங்க."

"சரி, சொல்லல. எங்க ஊரை உங்களுக்குப் பிடிக்கல... எனக்கு உங்களைப் பிடிச்சுப் போச்சு."

என்ன திமிர்! வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு மழையிலேயே இறங்கி நடந்தாள்.

ஆனால் போட்ட வருஷமே பலனா என்ற அந்தக் கேள்வி விடவில்லை. வீம்பு ஒரு வாரம் தாங்கியது. பிறகு, எல்லா நகரங்களின் செலவையும் இரண்டு வருடம் கழித்து வந்த வளர்ச்சியோடு பொருத்திப் பார்த்தாள். அவன் ஊர் எழுந்து கோட்டருகே வந்து நின்றது. ஆனால் வேறு சில ஊர்கள் சரிந்தன; கோட்டின் ஏற்றமும் குறைந்தது. மேலதிகாரி முகம் சுளித்தார். நிரந்தர வேலை தள்ளிப்போனது. அழுதாள், ஆனால் புள்ளியை மறுபடி அடிக்கவில்லை.

அடுத்த வருடக் கருத்தரங்கில் அந்தப் புதிய கோட்டைத்தான் காட்டினாள். முடிந்து வெளியே வந்தால் அதே வாசல், அதே மழை... அவனும்.

"எங்க ஊரைச் சேர்த்துட்டீங்க போல?"

"ரொம்பப் பீத்திக்காதீங்க. இன்னும் கோட்டுக்குக் கீழதான் இருக்கு."

சிரித்தான். பிறகு குரல் தணிந்தது. "போன வருஷம் ஒண்ணு சொன்னேன்... பதிலே வரலையே?"

அவள் மழையைப் பார்த்தாள். காது மடல் சுட்டது.

"போட்ட வருஷமே பலன் கேட்டா எப்படிங்க?"

"இப்ப...?"

"பிடிச்சிருக்கு," என்றாள். "அன்னிக்கே பிடிச்சிருந்துச்சு. ஒத்துக்கத்தான் ஒரு வருஷம் ஆச்சு."