மைனாக்கள் அடையும் நாணல்

நாமக்கோழிகளை நூற்றுப் பதினேழு வரை எண்ணி முடித்திருந்தபோது, முதுகுப் பக்கமிருந்து யாரோ "அக்கா" என்று கூப்பிட்டார்கள்.

"இருப்பா, எண்ணிக்கிட்டிருக்கேன்ல" என்று பைனாகுலரிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னாள் அவள். இன்னும் இரண்டு பறவைகளை எண்ணிய பிறகுதான், பறவை பார்க்கிற பலகைக் குடிலுக்குள் தான் மட்டும் இருப்பது உறைத்தது. மற்ற தொண்டர்கள் அரை மணி நேரத்துக்கு முன்பே கிளம்பிப் போயிருந்தார்கள்.

திரும்பிப் பார்த்தாள். ஈரப் பலகையின் வாடை, கீழே சேற்றில் கொப்புளம் வெடிக்கிற சத்தம், பார்வைத் துவாரத்தின் வழியே நுழைந்து தரையில் ஒரு முழம் நீளத்துக்குக் கிடந்த சாயங்கால வெயில். அந்த வெயிலின் நுனியில், வாசற்படி மேல், ஒரு மைனா நின்றிருந்தது. கண்ணைச் சுற்றி மஞ்சள் தோலுடன் அது தலையைச் சாய்த்து அவளை ஒரு பக்கமாகப் பார்த்தது. பிறகு அலகைத் திறந்தது.

"அக்கா, கேட்டப் பூட்டிடாதீங்க."

ஆண் குரல். சளி பிடித்ததுபோல் கரகரத்த, கடைசி எழுத்தை இழுத்து விடுகிற குரல். அவளுக்குத் தெரிந்து அப்படிப் பேசுகிறவர் ஒரே ஒருவர்தான். அவர் காணாமல் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். வாரத்தில் ஆறு நாள் பிறர் கண்ணுக்கு லென்ஸ் மாட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமையானால் இந்தச் சதுப்பு நிலத்துக்கு வந்துவிடுவாள். ஆறு வருடமாகத் தொண்டர் குழுவுக்குத் தலைவியும் அவள்தான். பறவைக் கணக்கு எடுப்பது, ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் போடுவது, பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டுவது, கடைசியில் எல்லாரும் வெளியே போனதைப் பதிவேட்டில் பார்த்துவிட்டு கேட்டைப் பூட்டுவது, எல்லாம் அவள் பொறுப்பு.

காணாமல் போனவர் பஸ் டிரைவர். ஆறடி உயரம், அதற்கேற்ற தோள். வாரம் முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்த கைக்குச் சேற்று வேலைதான் மருந்து என்று சொல்லிக்கொண்டு வருவார். போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, தூரத்து வாய்க்காலில் வேலை முடிந்து எல்லாரும் கரையேறிய பிறகு, ஆகாயத்தாமரை வாருகிற கோலை அங்கேயே விட்டுவிட்டு வந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. மறந்தது அவள். எடுத்து வரப் போனது டிரைவர்.

மழை பிடித்துக்கொண்டது. கால் மணி நேரம் பார்த்தாள். அன்று அவளும் கணவரும் சினிமாவுக்கு டிக்கெட் எடுத்திருந்தார்கள். அவர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். டிரைவர் பின்பக்கக் கேட்டு வழியாக வீட்டுக்குப் போவதும் உண்டு. இன்றைக்கும் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது. பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே அவர் கையெழுத்தைப் போலவே கிறுக்கினாள். இரண்டு கேட்டையும் பூட்டினாள். படம் நன்றாக இருந்தது. இரண்டு இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை போலீஸ் வந்து கேட்டபோது பதிவேட்டைக் காட்டினாள். "அவர் போனத நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டார்கள். "பார்த்தேன்" என்றாள். அப்படிச் சொல்ல அவள் நினைத்திருக்கவில்லை, வாய் சொல்லிவிட்டது. அதற்கப்புறம் பஸ் நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் தேடினார்களே தவிர, சதுப்புப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வாட்ச்மேன் விடுப்பில் இருந்தார். அடைமழை என்று அந்த வாரம் முழுக்கச் சரணாலயத்தை மூடி வைத்திருந்தாள்.

இப்போது வாசற்படியில் மைனா மறுபடியும் சொன்னது. "அக்கா, கேட்டப் பூட்டிடாதீங்க."

பேசியதை ஒரு தடவை கேட்டுவிட்டு மைனா பிடித்துக்கொள்ளாது. நாள் கணக்கில், திரும்பத் திரும்ப, பக்கத்திலேயே அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அவளே எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்த பாடம்.

அடுத்த ஞாயிறு நான்கு மைனாக்கள் பேசின. அதற்கடுத்த வாரம் பேசியவற்றை எண்ணி முடியவில்லை. அந்த வருடம் கூட்டிலிருந்து இறங்கிய குஞ்சுகள்கூட, தாயிடம் இரை கேட்கிற அதே கீச்சுக் குரலில் "அக்கா, அக்கா" என்றன. தொண்டர்களுக்கு ஒரே கொண்டாட்டம். செல்போனில் பதிவு செய்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள்.

"எனக்குச் சம்பளத்த ஏத்தச் சொல்லிக் கத்துக் குடுக்கப்போறேன்" என்றார் வாட்ச்மேன். "நான் கேட்டாதான் ஆபீஸ்ல காது கேக்க மாட்டேங்குது, இது கேட்டாலாவது குடுக்கறாங்களான்னு பாப்போம்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காமல் நின்றவள் டிரைவரின் மனைவி.

அவள் இரண்டு மாதமாகத் தொண்டராக வந்துகொண்டிருந்தாள். துணிக்கடையில் பட்டன் தைக்கிற வேலை. புருஷன் வேறு ஒருத்தியோடு போய்விட்டான் என்று ஊர் பேசியது. மாமியார் வீட்டில் அவளைப் படியேற விடவில்லை. "அவரு சந்தோஷமா இருந்த இடம் இது ஒண்ணுதான்க்கா" என்று சொல்லித்தான் குழுவில் சேர்ந்திருந்தாள்.

அன்று எல்லாரும் கலைந்த பிறகு பக்கத்தில் வந்து நின்றாள்.

"அது அவரு குரல்க்கா."

"அடிக்கடி வருவாருல்லம்மா. கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கும்."

"கேட்டப் பூட்டாதீங்கன்னு அடிக்கடி சொல்வாரா?"

அவள் பைனாகுலரை உறைக்குள் போட்டாள். டிரைவரின் மனைவி கண்ணை எடுக்கவில்லை.

"அவரு போறத நீங்க பார்த்தீங்கல்லக்கா?"

"பார்த்தேன்மா."

"எந்தப் பக்கமா போனாரு?"

"பஸ் ஸ்டாப் பக்கம்."

"சரிக்கா" என்றாள் அவள். அவ்வளவுதான்.

ஆனால் அதிலிருந்து தினமும் கடை விட்டதும் வந்து, இருட்டுகிற வரை கரையில் நின்று கேட்க ஆரம்பித்தாள். கேட்டதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதினாள். மைனாக்கள் புதிதாகப் பேசப் பேச நோட்டு நீண்டது. 'கால வெளிய எடுக்க முடியல.' 'தண்ணி ஏறுது.' 'யாராவது இருக்கீங்களா?' அப்புறம் ஒரு இருமல். அப்புறம், வார்த்தையே இல்லாத, நாய்க்குட்டி முனகுவது போன்ற ஒரு சத்தம்.

அந்த முனகலைத்தான் கண்ணாடிக் கடைக்காரியால் தாங்க முடியவில்லை. கடையில் வாடிக்கையாளர் எழுத்துப் பலகையைப் படிக்கும்போது கேட்டது. குளியலறையில் குழாயைத் திறந்தால் கேட்டது. கணவர் தூக்கத்தில் புரண்டு படுத்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை டிரைவரின் மனைவி போன் செய்தாள். "எல்லாம் அந்தத் தூரத்து நாணல்லதான்க்கா அடையுது. அங்கதான் கத்துக்கிட்டிருக்கணும். ஞாயித்துக்கிழமை தீயணைப்பு ஆளுங்க வர்றேன்னிருக்காங்க. உள்ள எறங்கித் தேடப்போறோம். நீங்களும் வந்துடுங்கக்கா."

"வரேன்மா" என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம், வாட்ச்மேன் கண்ணில் படாமல், பின்பக்கக் கேட்டைத் தன் சாவியால் திறந்துகொண்டு போனாள். கையில் அரிவாள். இடுப்பு வரை ரப்பர் பூட்ஸ். அடையும் நாணலை அறுத்துவிட்டால் பறவைகள் வேறு இடம் பார்த்துப் போய்விடும். பறவை போனால் குரலும் போகும். குரல் இல்லாத இடத்தில் யார் எதைத் தேடப்போகிறார்கள்? ஆறு வருடமாக யாரையும் ஒரு தண்டைக்கூட ஒடிக்க விடாதவள் அவள்.

வாய்க்காலை நெருங்க நெருங்க எச்சத்தின் புளித்த நாற்றம் மூக்கில் ஏறியது. ஆயிரக்கணக்கில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன மைனாக்கள். ஒவ்வொரு கூட்டம் இறங்கும்போதும் நாணல் பெருமூச்சு விடுவதுபோல வளைந்து நிமிர்ந்தது. அவள் கரையிலிருந்தே நான்கு பிடி அறுத்தாள். பறவைகள் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி அங்கேயே இறங்கின. இன்னும் இரண்டடி உள்ளே போக வேண்டும். இறங்கினாள்.

முதல் அடி நின்றது. இரண்டாவது நிற்கவில்லை.

இடது கால் முழங்கால் வரை போனது. அதை இழுக்க வலது காலை ஊன்றினாள். அது தொடை வரை போனது. பூட்ஸுக்குள் குளிர்ந்த சேறு வழிந்து இறங்குவது தெரிந்தது. அரிவாள் கையைவிட்டு நழுவியது. நாணலைப் பிடித்தாள், வேரோடு வந்தது. இன்னொன்றைப் பிடித்தாள். அதுவும் வந்தது.

முதலில் அவள் கத்தவில்லை. இங்கே எதற்கு வந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்ற யோசனை. இடுப்பைத் தாண்டிய பிறகு அந்த யோசனை போய்விட்டது.

"யாராவது இருக்கீங்களா?"

நாணல் முழுக்கப் பதில் சொன்னது.

"யாராவது இருக்கீங்களா? அக்கா! தண்ணி ஏறுது. அக்கா, கேட்டப் பூட்டிடாதீங்க. யாராவது இருக்கீங்களா?" ஆயிரம் அலகில் ஒரே ஆள். அவள் குரல் அதற்குள் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

நூறடி தள்ளிக் கரையில் இரண்டு உருவங்கள் வந்து நின்றன. வாட்ச்மேன். பக்கத்தில் டிரைவரின் மனைவி, கழுத்தில் பைனாகுலர்.

உயிர் வந்தது அவளுக்கு. ஒரு கையை மேலே தூக்கினாள். வாட்ச்மேனுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்தவளே அவள்தான். இந்த வெளிச்சத்தில் அவருக்கு ஐம்பதடிக்கு மேல் எதுவும் தெரியாது. ஆனால் மற்றவளுக்குத் தெரியும். "தங்கச்சி! இங்க! நான்தான்மா!"

டிரைவரின் மனைவி பைனாகுலரைத் தூக்கினாள். நாணல் மீது மெல்ல ஓடி வந்த அது, அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது. விரல் நகர்ந்தது. தெளிவாகத் தெரியும்படி திருகிச் சரிசெய்கிறாள்.

பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

பறவைகள் மூச்சு விட்ட ஓர் இடைவெளியில் அவர்கள் பேசியது தண்ணீரின் மேல் தெளிவாக வந்தது.

"என்னம்மா இது, பொம்பளக் குரல் மாதிரி கேக்குது?"

"மைனாண்ணே."

"புதுசா இருக்கே?"

"ஆமாண்ணே. புதுசா கத்துக்குது." பைனாகுலரை இறக்கினாள். நோட்டை எடுத்தாள். என்னவோ எழுதினாள். "வாங்க, இருட்டுது. நீங்க பூட்டணும்ல."

அவர்கள் திரும்பி நடந்தார்கள். அவள் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். இரும்புக் கேட்டு இழுபடும் சத்தம் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

சேறு மார்புக்கு வந்தது. அக்குளுக்கு. கழுத்துக்கு. பூட்ஸ் இரண்டும் சேற்றோடு உருவிப்போயிருந்தன. அப்போது வெறும் வலது பாதத்துக்கடியில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. கல்லோ, மரக்கட்டையோ. அழுகையும் சிரிப்புமாக அதன்மேல் காலை ஊன்றினாள். தாங்கியது. இடது காலையும் கொண்டுவந்து வைத்தாள். நின்றாள். மோவாய் தண்ணீருக்கு மேலே இருந்தது.

மூச்சு சீரானது. அப்போதுதான் பாதங்கள் உணர ஆரம்பித்தன. இடப்பக்கம் அகலமாக ஒன்று. வலப்பக்கம் அதே அகலத்தில் இன்னொன்று. நடுவே உருண்டையாக, இரண்டு கணுக்காலுக்கும் இடையில் இடிக்கிற ஒன்று. அதன் மேல் நீளமாக, மெல்லியதாக, நீருக்கடியில் அலைந்து காலைத் தடவுகிற எதுவோ.

தோள்கள்.

காலை எடுக்க வேண்டும். எடுத்தால் முழுகிவிடுவாள். எடுக்கவில்லை. அவர் தோள்மேல் அப்படியே நின்றாள்.

முகத்துக்கு எதிரே, ஒரு சாண் தூரத்தில், வளைந்த நாணல் தண்டில் ஒரு குஞ்சு மைனா வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துக் கேட்டது.

"காப்பாத்துங்க" என்றாள் அவள்.

அலகு திறந்தது. மூடியது. திறந்தது. "கா" என்றது, அவளுடைய குரலில்.

வானத்தில் மிச்சமிருந்த சிவப்பும் போனது. பறவைகள் எல்லாம் ஒரே நொடியில், சொல்லி வைத்ததுபோல், வாயை மூடிக்கொண்டன. தண்ணீர் அசையவில்லை. காற்று இல்லை. எதுவும் இல்லை.

அவள் பாதத்துக்கடியில், வெகுநாள் பாரம் சுமந்து அலுத்துப்போன ஆள் முட்டியை மடிப்பதுபோல, அந்தத் தோள்கள் மெல்லக் குனிந்தன.