ஏழாம் கட்டிலின் டம்ளர்

தலைமைச் செவிலியர் ஒரு கண்ணாடி டம்ளரைத் தட்டால் மூடி எடுத்துக்கொண்டு வந்தபோது, விழுங்கல் சிகிச்சை அறையில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். அந்த அறைக்கு அதுவே அதிகம். நாற்காலியில் இருந்தவர் சிகிச்சையாளர். அவர் டாக்டர் இல்லை. ஆனாலும் மருத்துவமனை முழுக்க அவருக்குத் 'தொண்டை டாக்டர்' என்றுதான் பெயர். மறுத்து மறுத்து அலுத்துப்போய் விட்டுவிட்டார். மேசை ஓரத்தில் சாய்ந்து நின்றவர் பிசியோதெரபிஸ்ட். நோயாளிகளின் நெஞ்சைத் தட்டிச் சளியை வெளியேற்றுவது அவர் வேலை. யார் மேலாவது சந்தேகப்படுவது அவர் பொழுதுபோக்கு.

"ஏழாம் கட்டில் கண்டக்டர் ஐயா நேத்து குடிச்சு மீந்தது மேடம்," என்றார் செவிலியர். "அவர் சம்சாரம் ஆதாரம்னு எடுத்து வெச்சாங்க. அப்பவே தண்ணியாத்தான் இருந்துச்சு, நானே பார்த்தேன். மின்னல் மேல புகார் எழுதிக் கொடுத்துட்டாங்க. இன்னிக்கு நாலு மணிக்கு அவளை வேலையை விட்டு அனுப்பறாங்க. அதே நாலு மணிக்கு ஐயாவுக்கு மறுபடி மூக்கு வழியா சாப்பாட்டு டியூப்."

மின்னல் அந்த வார்டின் உதவியாளர். வேலையில் அவ்வளவு வேகம். அதனால் வந்த பெயர்.

கண்டக்டரைக் கடுமையான நுரையீரல் தொற்று படுக்கையில் தள்ளியிருந்தது. பதினெட்டு நாள் தொண்டைக்குள் குழாய் வைத்து இயந்திரம்தான் அவருக்காக மூச்சு விட்டது. குழாயை எடுத்த பிறகு மூச்சு திரும்பிவிட்டது, விழுங்குவதுதான் மறந்துபோனது. எதையாவது விழுங்கும்போது மூச்சுக்குழல் வாசல் சட்டென்று மூடிக்கொள்ள வேண்டும். அவருக்கு அது அரை நொடி தாமதமாக மூடியது. தண்ணீர் அதுவரை காத்திருக்காது, நேரே நுரையீரலுக்குள் போய்விடும். அதனால் அவர் குடிக்கிற ஒவ்வொரு டம்ளரிலும் இரண்டு பாக்கெட் கெட்டிப்பொடி கலக்க வேண்டும் என்பது தொண்டை டாக்டரின் கட்டளை. தேன் போல மெல்ல இறங்கினால் தொண்டைக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

பத்து நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. நான்கு நாளாகத்தான் தொல்லை. சாயங்காலம் குடித்ததும் இருமல். பேசினால் குரல் சளசளவென்று வந்தது. நேற்று காய்ச்சலும் திரும்பியிருந்தது.

"காலையிலயும் சாயங்காலமும் கலக்குறது யாரு?" என்றார் தொண்டை டாக்டர்.

"ரெண்டு வேளையும் மின்னல்தான். காலையில அவளே ஊட்டுவா. நாலு நாளா சாயங்காலம் மட்டும் சம்சாரம் வந்து ஊட்டறாங்க."

"கேஸ் முடிஞ்சுது மேடம்!" பிசியோ நிமிர்ந்தார். "தான் ஊட்டறப்ப ஒழுங்கா கலக்கறாங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போற அவசரம், பொடியைப் போடாமலே நீட்டிடறாங்க."

"கேஸ் இப்பதான் உள்ளே வந்திருக்கு. கொஞ்சம் உட்காரட்டும்."

தொண்டை டாக்டர் டம்ளரைச் சாய்த்தார். அடியில் இருந்த இரண்டு விரல் அளவு திரவம் பச்சைத் தண்ணீராக ஓடியது. பிறகு டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிப் பார்த்தார். விளிம்புக்குக் கீழே, டம்ளர் நிறைந்திருந்தபோது திரவம் நின்ற இடத்தில், கட்டி கட்டியாகப் பசை ஒட்டியிருந்தது.

"மேலே பசை, அடியில தண்ணி," என்றார். "வாங்க, போய்ப் பார்ப்போம்."

மதிய நேரத்து வார்டில் மின்னல் கண் சிவந்து நின்றிருந்தார். கணவர் பக்கத்தில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி கண்டக்டரின் மனைவி.

"ரெண்டு பாக்கெட் போட்டுத்தான் மேடம் கொடுத்தேன்," என்றார் மின்னல். "கிழிச்ச பாக்கெட் நேத்து குப்பைக் கூடையிலயே கிடந்துச்சு, சிஸ்டரே பார்த்தாங்க."

"கிழிச்சுட்டு எங்கே கொட்டினாளோ?" என்றார் மனைவி.

தொண்டை டாக்டர் அவரிடம் திரும்பினார். "நீங்க எப்படிம்மா ஊட்டுவீங்க?"

"பொறுமையா. ஒரு ஸ்பூன் கொடுப்பேன், இறங்கிடுச்சான்னு பார்ப்பேன், டம்ளர்ல நல்லா கலக்கிட்டு அடுத்த ஸ்பூன். முக்கா மணி நேரம் ஆகும். இவளை மாதிரி பத்து நிமிஷத்துல முடிச்சுட்டு ஓட மாட்டேன்."

"எத்தனை ஸ்பூன் வெச்சுக்குவீங்க?"

"ஒரே ஸ்பூன்தான். அவர் வாய்க்கு எதுக்கு ரெண்டு?"

சிகிச்சையாளர் கண்டக்டரிடம் குனிந்தார். "ஐயா, சாயங்காலம் குடிக்கறப்ப எப்படி இருக்கு?"

கரகரத்த குரலில் பதில் வந்தது. "முதல்ல ஒரே பசை... கடைசியிலதான் குடிக்கற மாதிரி இருக்கு."

தொண்டை டாக்டரின் முகத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு வந்தது. கடிகாரம் இரண்டரையைக் காட்டியது.

"மின்னல், எல்லார் கண் முன்னாடியும் ரெண்டு டம்ளர் கலக்குங்க. பிசியோ, உங்க வாயை முக்கா மணி நேரம் கடன் கொடுங்க."

"பேசறதுக்கா மேடம்?"

"பேசாம இருக்கறதுக்கு."

இடது டம்ளரை யாரும் தொடக் கூடாது என்றார். வலது டம்ளர் பிசியோவுக்கு. ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைக்க வேண்டும், விழுங்க வேண்டும், அதே ஸ்பூனால் டம்ளரைக் கலக்க வேண்டும், அவசரமே கூடாது. பிசியோ முகத்தைச் சுளித்துக்கொண்டே கடமையைச் செய்தார். ஜன்மத்தில் அவர் இவ்வளவு நேரம் வாயை மூடியிருந்ததில்லை என்று செவிலியர் முணுமுணுத்தார்.

மூன்றே கால் மணிக்குச் சிகிச்சையாளர் இடது டம்ளரைச் சாய்த்தார். திரவம் சோம்பலாக நகர்ந்தது. வலது டம்ளரில் மிச்சமிருந்ததைச் சாய்த்தார். அது சரசரவென்று விளிம்புக்கு ஓடி வந்தது.

செவிலியர் இரண்டு டம்ளரையும் வாங்கித் தானும் ஒரு முறை சாய்த்துப் பார்த்தார்.

"பொடி ரெண்டுலயும் ஒரே அளவுதான்," என்றார் தொண்டை டாக்டர். "நம்ம ஆஸ்பத்திரி வாங்கற பொடி சோள மாவுல செஞ்சது. மாவை எது கரைக்கும்? பள்ளிக்கூடத்துல படிச்சதுதான், எச்சில். வாயில போன ஸ்பூன் திரும்ப டம்ளருக்குள்ள வந்தா, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் எச்சில் கலக்கும். மின்னல் பத்து நிமிஷத்துல முடிச்சுடறதால எச்சிலுக்கு நேரமே கிடைக்கலை. முக்கா மணி நேரம்னா அது நிதானமா வேலை செய்யும். டம்ளர் நிறைஞ்சிருந்தப்ப கெட்டியாத்தான் இருந்துச்சு, அதுக்குத்தான் மேல ஒட்டியிருந்த பசை சாட்சி. ஐயா ஆசையா குடிச்ச கடைசி வாய் எல்லாம் வெறும் தண்ணி."

பிசியோ வாயைத் துடைத்துக்கொண்டார். "அப்ப குற்றவாளி ஸ்பூனா மேடம்!"

மனைவியின் கைப்பை மடியிலிருந்து நழுவியது. "அப்ப நான்தானா? என் கையாலதான் இவருக்குக் காய்ச்சல் வந்துச்சா?"

"இல்லம்மா." சிகிச்சையாளர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். குரலில் இருந்த மிடுக்கு கொஞ்சம் இறங்கியிருந்தது. "மெதுவா ஊட்டுங்கன்னு உங்களுக்குச் சொன்னது நான். எச்சில் ஸ்பூனை டம்ளர்ல போடாதீங்கன்னு சொல்லாம விட்டதும் நான்தான். புகார்ல யார் பேராவது இருக்கணும்னா என் பேரை எழுதுங்க."

செவிலியர் வார்டு டாக்டரைப் பார்க்க ஓடினார். திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. "டியூப் இப்போதைக்கு வேண்டாம், மின்னலையும் அனுப்ப வேண்டாம்னுட்டார். இந்தத் தடவை இருமல் இல்லாம இறங்குதான்னு பார்த்துச் சொல்லச் சொன்னார்."

சரியாக நான்கு மணி. மின்னல் புதிதாகக் கலக்கி, டம்ளரிலிருந்து ஒரு சின்னக் கிண்ணத்தில் நாலு ஸ்பூன் அளவு ஊற்றினார். அதை மனைவியிடம் நீட்டியபோது மனைவி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நீயே கொடும்மா. நான் கொடுத்தது போதும்."

"நீங்கதான்க்கா கொடுக்கணும். நாளைக்கு எனக்கு லீவு." மின்னல் கிண்ணத்தை அவர் கையில் வைத்து அழுத்தினார். "இது தீர்ந்ததும் கிண்ணத்தையும் ஸ்பூனையும் கழுவிட்டு அடுத்தது ஊத்தறேன். டம்ளர் சுத்தமா என்கிட்டயே இருக்கும். நீங்க எவ்வளவு வேணா மெதுவா கொடுங்க."

ஏழு கிண்ணம் இறங்கியது. கண்டக்டர் ஒரு முறைகூட இருமவில்லை. குரலில் ஈரம் இருந்தால் தண்ணீர் தப்பான வழியில் போயிருக்கிறது என்று அர்த்தம். அதையும் பார்த்துவிட வேண்டும்.

"ஐயா, எங்கே, 'ஆ'ன்னு சொல்லுங்க," என்றார் தொண்டை டாக்டர்.

கண்டக்டர் மனைவியைப் பார்த்தார். மின்னலைப் பார்த்தார். முப்பது வருடம் பேருந்துப் படியில் நின்று சொன்னதை, கரகரப்பாக, ஆனால் துளி சளசளப்பும் இல்லாமல் சொன்னார்.

"ரைட், போலாம்!"