பின்னால் வந்த கேள்வி

இந்தக் காலத்துச் சனத்துக்குக் கேள்வி கேட்கவும் தெரியாது, பதில் சொல்லவும் தெரியாது என்பதில் வீரகத்திக்குச் சந்தேகமே கிடையாது. ஒரு வீட்டில் போய் ஒன்றை விசாரிக்க வேண்டுமென்றால் படலையில் நின்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளே வரச் சொன்னால் போய் இருக்க வேண்டும். சுகம் கேட்டு, கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து, வெற்றிலைத் தட்டு வந்தால் ஒரு வாய் போட்ட பிறகுதான் வந்த காரியத்தை எடுக்க வேண்டும். பதில் சொல்கிறவனும் தான் இன்ன ஊர், இன்னாருடைய மகன் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறப்பான். இப்போது அப்படியா? முகம் தெரியாதவன் முகம் தெரியாதவனிடம் கேட்கிறான். நடுவில் இன்னொருத்தன் புகுந்து, நீ கேட்ட விதம் பிழை என்று புத்தி சொல்கிறான்.

இன்றைக்கு வந்திருந்த பதில் அதையும் தாண்டிவிட்டது. வணக்கம் இல்லை. பெயர் இல்லை. மூன்றே மூன்று சொல்.

"மஞ்சள் சட்டை இல்லை."

யோகராசா அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். தபால் கந்தோரில் இருந்து இளைப்பாறிய பிறகு தேற்றாத்தீவு மெயின் ரோட்டில் கொமினிக்கேஷன் கடை வைத்திருப்பவன் அவன். டெலிபோன் பெட்டி ஒன்று, போட்டோக் கொப்பி மெசின் ஒன்று, இன்டர்நெட் வரும் கொம்பியூட்டர் ஒன்று. சண்டை முடிந்து மூன்று மாதம். அதற்குப் பிறகு அந்தக் கொம்பியூட்டருக்கு முன்னால் வந்து இருக்கிறவர்கள் எல்லாரும் யாரையாவது தேடுகிறவர்கள்தான். வெளிநாட்டில் இருக்கும் பொடியன்கள் சிலர் 'தேடுவோர் பக்கம்' என்று ஒன்றைத் தொடங்கி வைத்திருந்தார்கள். காணாமல் போனவரைப் பற்றி இங்கே இருந்து எழுதினால், கண்டவர்கள் எங்கிருந்தாவது பதில் எழுதுவார்கள்.

அந்தப் பக்கத்தின் ஒழுங்குகளை யோகராசா மட்டையில் எழுதிச் சுவரில் தொங்கவிட்டிருந்தான். 'அவசரம், அவசரம்' என்று தலைப்புப் போடாதே. ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்காதே. விபரத்தை முழுதாகச் சொல், மறைக்காதே. பதில் சொன்னவருக்கு நன்றி சொல். தெரியாதவர் பதில் சொல்ல வேண்டாம். கடைசி ஒழுங்கை மட்டும் வீரகத்தி ஒத்துக்கொண்டார். மற்றதெல்லாம் கந்தோர்க்காரனின் தடிப்பு என்று நினைத்தார்.

"ஆர் தம்பி இதை எழுதினது?"

"பேர் இல்ல அண்ணன். பேர் போடாட்டி இது உள்ள விடாது. இது எப்பிடி வந்ததெண்டு எனக்கும் விளங்கல்ல."

"உன்ட மெசின் உனக்கே விளங்கல்ல. இதை நம்பி நான் வேலை வெட்டிய விட்டுட்டு வந்து குந்தியிருக்கிறன்."

"நீங்களா வந்தீங்க? அக்கா துரத்தினா, வந்தீங்க."

அது உண்மை. மனைவி சின்னத்தங்கம்தான் துரத்தியிருந்தாள். கடல் கொண்டுபோன பிள்ளைகளில் சிலதை யாரோ காப்பாற்றி வன்னியில் சிறுவர் இல்லங்களில் வளர்த்தார்களாம், சண்டை முடிந்து அந்தப் பிள்ளைகள் இப்போது முகாம்களில் நிற்கிறார்களாம் என்று பழுகாமத்தில் அவளுடைய தங்கச்சிக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து அவளுக்கு உறக்கமில்லை. மகள் தர்சினிக்கு இப்போது பதினாலு வயது. "உயரம் வந்திருப்பாள். ஆனா உங்கட மூக்கு மாறாது" என்று சோறு போடும்போதெல்லாம் சொன்னாள்.

கேள்வி எழுதிய அன்றைக்கு யோகராசா ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் அடித்தான். பெயர், வயது, ஊர். கடைசியாகக் கண்டது எப்போது? ரெண்டாயிரத்து நாலு, மார்கழி இருபத்தாறு, கடல் வந்த அன்றைக்கு, விடியப்புறம். என்ன செய்துகொண்டிருந்தது? உறங்கிக் கிடந்தது. என்ன உடுத்திருந்தது? மஞ்சள் சட்டை. கடைசியாக என்ன சொன்னது?

"உறங்கிற பிள்ளை என்னத்தைச் சொல்லும்?" என்று வீரகத்தி எரிந்து விழுந்தார். அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

மஞ்சள் சட்டை இல்லையாம். கண்டவன் மாதிரி.

"கேளு அவனிட்ட" என்றார். "எந்த ஊர், ஆர்ட மகன், உனக்கென்ன தெரியும் எண்டு கேளு."

"அப்பிடிக் கேட்கப்படாது அண்ணன். தயவுசெய்து எண்டு..."

"உன்ட தயவைக் கொண்டுபோய்க் குளத்தில போடு."

யோகராசா தயவுசெய்து போட்டே அடிக்கத் தொடங்கினான். மேலே காற்றாடி கிறீச்சிட்டுக் கிறீச்சிட்டுச் சுற்றியது. கடை முழுக்கச் சூடேறிய மையின் மணம். வெளியே வெயில் ரோட்டைப் பிளந்துகொண்டிருந்தது, ஒரு சைக்கிள் மணி தூரத்தில் கேட்டு அடங்கியது. யோகராசா பாதி வரிகூட அடித்திருக்க மாட்டான். விரல் நின்றது.

"என்ன?"

"நான் இன்னும் அனுப்பல்ல அண்ணன். மறுகா ஒண்டு வந்திருக்கு."

"வாசி."

யோகராசா வாசித்தான். தந்தி வாசிப்பது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல்.

"உறங்கிக் கிடக்கவும் இல்லை. தலை முழுகிவிட்டு நின்றது."

வீரகத்தியின் வாயில் இருந்த வெற்றிலை திடீரென்று கசந்தது.

அதை அறிந்தவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். அக்கம் பக்கத்தில் யாரும் பார்த்திருந்தால்கூட, கடற்கரை வளவுகளில் அந்த வரிசையில் ஒரு வீடு மிஞ்சவில்லை, ஓர் ஆள் மிஞ்சவில்லை. சின்னத்தங்கம் முதல்நாளே தங்கச்சியின் பிள்ளைப்பேற்றுக்குப் பழுகாமம் போயிருந்தாள். வீட்டில் அவரும் பிள்ளையும் மட்டும்.

தொழிலுக்குப் போகிறவனைப் பின்னால் நின்று "எங்க போறாய்" என்று கேட்கக் கூடாது. அந்தக் கரையில் நண்டு பிடிக்கிற குஞ்சுக்குக்கூட அது தெரியும். தேவையென்றால் முன்னால் வந்து நின்று "தூரமா?" என்று கேட்கலாம். பின்னால் கேள்வி விழுந்துவிட்டால் திரும்பி வந்து, இருந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வெளிக்கிட வேண்டும். நேரமில்லாதவன் காதில் விழாத மாதிரிப் போய்விட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. பதில் சொல்லக் கூடாது.

முதல் மூன்று நாளும் வலை வெறுமையாக வந்திருந்தது. அன்றைக்கு அவர் தோணி தள்ளும் சவளைத் தோளில் வைத்துக்கொண்டு வாவிப் பக்கம் போக வெளிக்கிட்டார். கிணற்றடியில் தேசிக்காய்ச் சாறு தேய்த்துத் தலை முழுகிவிட்டு வந்த பிள்ளை, பின்னால் நின்று கேட்டது. கேட்கக் கூடாததை. அதோடு இன்னொன்றையும். முடியில் இருந்து தண்ணீர் மணலில் சொட்டுகிற சத்தம்கூட அவருக்குக் கேட்டது. கோபம் வந்தது. திரும்பவில்லை. பதில் சொல்லவில்லை. நடந்தார்.

மூன்று மணித்தியாலம் கழித்து, நடு வாவியில் தோணி சும்மா நின்ற இடத்தில் நடுங்கியது.

ஒரு சொல். "வா" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பிள்ளை தோணியில் இருந்திருக்கும்.

அதைச் சின்னத்தங்கத்துக்குச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. உறங்கிக் கிடந்தது என்றார். என்ன சட்டை என்று அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு கேட்டபோது, திரும்பிப் பார்க்காதவனுக்கு என்ன தெரியும், மஞ்சள் என்றார். அந்த மஞ்சளைத்தான் அவள் தேடினாள். பள்ளிக்கூட மண்டபத்தில் கிடத்தியிருந்த பிள்ளைகளை மூன்றாம் நாள் முகம் வைத்து அறிய முடியவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவன் கேட்டான், "என்ன நிறம் தாயே?" மஞ்சள். "மஞ்சள் இல்ல, போங்க." தெற்கே ஒரு முகாமில் வாய் பேசாத பெண்பிள்ளை ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். என்ன சட்டை? மஞ்சள் இல்லையாம். சின்னத்தங்கம் போகவில்லை. பிறகு அந்தப் பிள்ளையை யாரோ எங்கோ கொண்டுபோய்விட்டார்கள்.

நாலரை வருடம். இரவு உறக்கம் வராமல் படுத்திருக்கும்போது அந்த வாய் பேசாத பிள்ளைதான் அவர் முன்னால் வந்து நிற்கும். முகம் இருக்காது. சட்டைக்கு நிறம் இருக்காது.

"அண்ணன்" என்றான் யோகராசா. "பிழையாப் போட்டா ஒண்டுமில்ல. திருத்தலாம். நாலு வருசத்துக்கு முந்தின சங்கதி, மறந்திருக்கும். சரியான நிறத்தைச் சொல்லுங்க, மாத்தி விடுறன்."

"தெரியாது."

"அப்ப மஞ்சள் எண்டு..."

"தெரியாதெண்டுறன்."

"நீங்கதானே கடைசியாப் பாத்தது?"

யோகராசா அவருடைய முகத்தைப் பார்த்தான். பிறகு விசைப்பலகையில் இருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அவனும் தன் தம்பியை அந்த மண்டபத்தில்தான் தேடி எடுத்தவன். வரிசையில் சின்னத்தங்கத்துக்குப் பின்னால் நின்றவன்.

"நான் முன்னுக்குப் போய்த் தேத்தண்ணி சொல்லிட்டு வாறன்" என்றான். எழும்பினான். போகும்போது அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடையில் வீரகத்தி தனியே இருந்தார். பின்பக்கம் சுவர். கதவு கிடையாது. சுவருக்கு முன்னால் போட்டோக் கொப்பி மெசின், அதற்கும் அவருடைய கதிரைக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம். காற்றாடி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அதன் கிறீச்சொலி கேட்கவில்லை. மை மணத்துக்கு அடியில் வேறொரு மணம் மெல்ல மெல்ல ஏறி வந்தது. முதலில் சேறு. கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு மாதக்கணக்காகக் கிணறுகளில் கிடந்த அந்தச் சேறு. அதற்குள்ளே, சன்னமாக, தேசிக்காய்.

கொம்பியூட்டர்க் கண்ணாடியில் புதிதாக ஒரு வரி வந்து நின்றது.

வாசிக்க ஆள் இல்லை. அவருடைய படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. எவனோ கள்ளன், ஊரில் விசாரித்து வைத்துக்கொண்டு விளையாடுகிறான், என்னதான் எழுதியிருக்கிறான் பார்ப்போம் என்று, கண்ணாடியில் விரலை வைத்து எழுத்துக் கூட்டினார்.

"அ... ப்... பா."

விரல் குளிர்ந்தது. தள்ளி வைத்தார்.

"எ... ங்... க."

அடுத்தது.

"போ... றீ... ங்... க."

வாய் சொல்லி முடித்த பிறகுதான் காதுக்கு எட்டியது. யாருக்கும் சொல்லாத கேள்வி. அவருடைய வாயாலேயே.

வரியில் இன்னும் எழுத்துகள் மிச்சம் இருந்தன. அவர் விரலை எடுத்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். வாசிக்க மாட்டேன்.

மிச்சத்தைப் பின்னால் நின்று சொன்னது.

"நானும் வரட்டா?"

சொட்டு.

சீமெந்துத் தரையில். ஒன்று.

மறுபடி ஒன்று.

அவசரம் இல்லாத குரல். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கிற குரல். அன்றைக்கு நின்ற மாதிரியே.

ஒரு சொல்தான். ஒரே எழுத்து. நாலரை வருடமாகத் தலையணைக்குச் சொல்லிக்கொண்டிருந்த சொல். உதடு அதற்காகக் குவிந்தது, காற்றும் வந்தது, சத்தம் வரவில்லை. திரும்பினால் போதும். சட்டையின் நிறமாவது தெரியும். கழுத்து இரும்பாக நின்றது.

ஏமாற்று வேலை. மெசினுக்குள் ஏதோ வைத்திருக்கிறான்கள். பேசுகிற பெட்டி, பாடுகிற பெட்டி, எல்லாம்தான் வந்துவிட்டதே.

எழும்பினார். கதிரை தரையில் கிறீச்சிட்டது. முன்னால் பார்த்தபடியே வாசலைத் தாண்டினார். எதிர்ப் பக்கத் தேத்தண்ணிக் கடையில் இருந்து யோகராசா "அண்ணன்" என்று கூப்பிட்டது பக்கவாட்டில் கேட்டது. நிற்கவில்லை. வாவிப் பக்கம் இறங்குகிற மணல் ஒழுங்கைக்குள் நடந்தார். வெயில் நெற்றியில் அடித்தது. மணல் கொதித்தது. பின்னால், அவர் கால் வைக்கும்போது ஒரு கால் வைத்தது. அவர் நின்றபோது நின்றது.

வீட்டுக்குப் போனதும் சின்னத்தங்கம் கேட்பாள். பதில் வந்ததா என்பதைத்தான் முதலில் கேட்பாள். அவளுக்கு என்ன சொல்வது?

எதிரே ஒரு பெண் தலையில் புடவைப் பொட்டலத்தோடு வந்தாள். காத்தான்குடியில் இருந்து வந்து வீடு வீடாகத் துணி விற்கிற பரீனா. இந்தப் பக்கத்துக்குப் புதியவள். அவரை அவளுக்குத் தெரியாது. ஒழுங்கையின் ஓரமாக ஒதுங்கி வழி விட்டாள். ஓர் ஆளுக்கு வேண்டியதைவிட அதிகமாக ஒதுங்கினாள்.

"தூரமா பெரியவர்?" என்றாள் மரியாதையாக.

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அவளுடைய கண் அவருக்குப் பின்னால், இடுப்பளவு உயரத்தில் நின்றது. முகம் இளகியது.

"புள்ளைட தலையத் துவட்டி விடுங்களேன் வாப்பா. பாருங்க எப்பிடிச் சொட்டுதெண்டு. நாவப்பழக் கலர்ச் சட்டை, சாயம் இறங்கிற துணி அது. ஈரம் பட்டா நாசம்." பொட்டலத்தைத் தலையில் சரிசெய்துகொண்டு கடந்து போனாள்.

நாவப்பழக் கலர். வருசப் பிறப்புக்கு அவரே களுவாஞ்சிக்குடியில் எடுத்துக் கொடுத்த துணி. சின்னத்தங்கம் தைத்தாள். கழுத்தில் வெள்ளை ரேந்தைப் பின்னல்.

துணிக்காரி. நாலு நிறத்தைச் சொன்னால் ஒன்று சரிவரும். யோகராசாவிடம் கேட்டிருப்பாள், அவன் யாரிடமாவது கேட்டிருப்பான். எல்லாரும் சேர்ந்துகொண்டான்கள். வீரகத்தி நம்பவில்லை. திரும்பவும் இல்லை. நடந்தார்.

ஒழுங்கை நீளமாகக் கிடந்தது. வீட்டுப் படலையில் சின்னத்தங்கம் கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு அவரையே பார்த்து நிற்பது தெரிந்தது. வலது கையின் சுண்டுவிரல் குளிர்ந்தது. அதை யாரோ பிடித்த மாதிரி. அவர் கையை இடுப்புச் சாரத்தோடு சேர்த்து இறுக்கிக்கொண்டார். காலடியில், பெருவிரலுக்குச் சற்று முன்னால், காய்ந்த மணலில் ஒரு சொட்டு விழுந்து ஊறியது. நாவல் நிறம். வானத்தில் ஒரு மேகம் கிடையாது.

அதைத் தாண்டிக் காலை வைத்தார்.