சப்வேயில் நின்ற தண்ணீர்

காலை 5.40. என் மனைவி அன்புசெல்வி குழாயில் தண்ணீர் பிடித்தாள். 6.15. சோறு வடித்து இரண்டு டிபன் பாக்ஸ் கட்டினாள். 7.25. மண்ணரை வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்பினாள். பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவு, எட்டு மணிக்கு பெல். எனக்கு அன்று மதிய ஷிப்ட்.

7.50. அவளுக்குப் போன் செய்து ரேஷன் கார்டு எங்கே என்று கேட்டேன். சொன்னாள். தேடினேன், கிடைக்கவில்லை. 7.53. மறுபடி கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

8.20. ரயில்வே சப்வேயின் கீழ்ப்படியில் ஒரு பெண் இறந்து கிடப்பதாக பம்ப் ஆள் தவசி போலீசுக்குச் சொன்னார்.

தண்டவாளம் ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. முன்பு ஆட்கள் தண்டவாளத்தைத் தாண்டியே வேலைக்குப் போனார்கள். சிலர் ரயிலில் அடிபட்ட பிறகு இந்த சப்வேயைத் தோண்டினார்கள். இருபத்தாறு படிகள், வெள்ளை டைல்ஸ், அடியில் கம்பிக்கூண்டுக்குள் ஒரு பம்ப். ஷிப்ட் நேரத்தில் தோள் இடிக்கும். இந்தியும் மதுரைத் தமிழும் சேர்ந்து எதிரொலிக்கும். மழைக்கு மறுநாள் தண்ணீர் நின்றால் கூட்டம் மேம்பாலத்தைச் சுற்றிப் போய்விடும். பெல்லுக்கு நேரமானவர்கள் மட்டும் இறங்குவார்கள்.

9.10. அவள் கழுத்து அட்டையைப் பார்த்துக் கம்பெனி மூலம் தகவல் வந்து, நான் போய்ச் சேர்ந்தபோது ஏட்டு மகுடேஸ்வரன் எழுதத் தொடங்கியிருந்தார்.

“ஒருக்கா பேசி முடிச்சதும் மறுபடி போன் அடிச்சுதுன்னு தவசி சொல்றாருங்க மேடம். எடுக்கப் போயி வழுக்கி மண்டையில அடி. பொண்டாட்டி வேலைக்குப் போயிச் சேரல, அதுக்குள்ள ரெண்டு போனு. புருசனுக்கு என்ன கொள்ளை போகுதோ!”

“கூப்பிட்டது நான்தாங்க,” என்றேன்.

அவர் பேனா நின்றது.

எஸ்.ஐ. தரணி படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக்கு முந்தின படியில் அவள் செருப்புகள் ஜோடியாக இருந்தன. அருகில் கைப்பை, ஜிப் மூடியபடி. தரணி திறந்தார். டிபன் பாக்ஸ். அதன் அடியில் போன்.

“தவசி, காலையில மோட்டார் ஓடுச்சுங்களா?”

“இல்லீங்க மேடம். ரெண்டு நாளா ரிப்பேருங்க.”

“ஒயர் ஜாயின்ட்?”

“போன மாசமே டேப் சுத்துனனுங்க. பக்காவா இருக்குதுங்க.”

முந்தின நாள் மழையில் தேங்கிய தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருந்தது. ஆனால் டைல்ஸில் முழங்கால் உயரத்துக்கு ஈரச் சேற்றுக்கோடு. பம்ப் ஒயரிலும் அதே உயரம் வரை சேறு படிந்திருந்தது. அதற்குக் கீழே இருந்த ஜாயின்டில் மட்டும் கறுப்பு டேப் பளபளத்தது.

மெயினை அணைக்கச் சொல்லிவிட்டுத் தரணி டேப்பை உரித்தார். உள்ளே செம்புக்கம்பியில் நீலப் பிசிறு ஒட்டியிருந்தது.

“இது என்னங்க?” என்று என்னிடம் காட்டினார்.

“பனியன் வேஸ்ட்டுங்க. கட்டிங்ல உழுகிற துணி.”

இந்த ஊரில் மெஷின் துடைக்க, குழாய் ஒழுகினால் அடைக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். சும்மா கிடைக்கும். பருத்தி. தண்ணீரைக் குடிக்கும்.

தரணி தவசியிடம் திரும்பினார்.

“ஓடாத மோட்டார் இத்தனை தண்ணிய எப்படிங்க இறக்குச்சு? போன மாசம் சுத்துன டேப்புல நேத்துச் சேறு ஏன் ஒட்டல? காலையில மோட்டாரை ஓட்டுனீங்க. ஜாயின்ட்ல டேப் இல்ல, துணி. இவங்க போனை உள்ள வெச்சு ஜிப்பை மூடி, செருப்பைக் கழட்டிட்டு, பைய எடுக்கறதுக்கு முன்னாடி தண்ணி ஆழம் பார்க்கக் கால் வெச்சாங்க. ஷாக். நீங்க மோட்டாரை அணைச்சு, துணியை உருவிட்டு டேப் சுத்துனீங்க. அப்புறம்தான் எங்களுக்குச் சொன்னீங்க.”

தவசி படியில் உட்கார்ந்துவிட்டார்.

“காண்ட்ராக்டருகிட்ட டேப்பு நாலு தடவ கேட்டனுங்க. துணிய இறுக்கித்தானுங்க கட்டுனன். அந்தப் புள்ள உழுந்த பொறவு ஆட்டோக்காரங்ககிட்ட டேப்பு வாங்கியாந்தன்.”

“ஏட்டய்யா, போன் எடுக்கப் போனாங்கன்னு எழுதுனதை அடிங்க,” என்றார் தரணி. “ரெண்டாவது போனுக்கு அவங்க பையைத் தொடவே இல்ல.”

மகுடேஸ்வரன் அடித்தார். என்னைப் பார்க்காமல் இன்னொரு முறையும் அடித்தார்.

“முதல் போன்ல கடைசியா என்னங்க சொன்னாங்க? ஸ்டேட்மென்ட்டுக்கு வேணும்.”

சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.

“பீரோவுல மேல்தட்டுல பாருங்க. இங்க தண்ணி நிக்குது. தாண்டிட்டு நானே கூப்புடறனுங்க.”