சிவப்புப் பொட்டு மேல்பக்கம்

ஏற வேண்டிய கோடு இறங்கியது.

பருப்புக் கரண்டியோடு எலினா மடிக்கணினி முன்னால் நின்றுவிட்டாள். திரையில் ஓடிய அந்தப் பச்சைக் கோடுதான் அவள் மகள் ஜூடியின் மூச்சு. குறைமாதத்தில் பிறந்த பிள்ளை. தூக்கத்தில் மூச்சு நின்றுபோய், ராஜபாளையத்து ஆஸ்பத்திரியில் மறுபடி கிடைத்தவள். அன்று போன தூக்கம் எலினாவுக்கு இன்னும் திரும்பவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் அவள் செய்கிற வேலையையே வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தாள். முடியைவிடக் கொஞ்சம் தடித்த பீங்கான் இழைகளைச் சூளையில் சுட்டு, வரிசையாக அடுக்கி, பிசின் ஊற்றிப் பட்டையாக்கி, சூடான எண்ணெயில் அமிழ்த்தி உயர் மின்னழுத்தம் கொடுத்தால், மேல் எது கீழ் எது என்ற புத்தி அவற்றுக்கு வந்துவிடும். அப்புறம் லேசாக வளைந்தாலே மின்சாரம் கசியும்; திரையில் அது கோடாக ஓடும். மேலிருந்து அமுக்கினால் கோடு ஏறும். அடியிலிருந்து தள்ளினால் இறங்கும். மேல்பக்கம் தெரிய நகப்பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு. அந்தப் பட்டையைத் தைத்த மெல்லிய மெத்தையில்தான், தரையில், ஜூடி தூங்கினாள்.

மூச்சை இழுக்கும்போது பாதியில் சின்னதாகத் தடுக்கி, பிறகுதான் முழுசாக இழுப்பாள். கோட்டிலும் அந்தத் தடுக்கல் தெரியும். ‘உம் மக கியர் மாத்துதா’ என்று அவள் கணவன் பென்சன் கேலி செய்வான்.

இப்போதும் கோடு கியர் மாற்றி மாற்றி ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இரண்டு ஏற்றங்களுக்கு நடுவே, அடிமட்டத்துக்கும் கீழே ஓர் இறக்கம். நீளமாக, அவசரமில்லாமல், எங்கும் தடுக்காமல்.

மின்விசிறியை நிறுத்தினாள். இறக்கம் நிற்கவில்லை. பின்தெரு நூல் மில்லின் அதிர்வாக இருக்கும் என்று மனசைத் தேற்றப் பார்த்தாள். இன்று மில்லுக்கு விடுமுறை என்பது நினைவு வந்தது. வெளியே மழை விட்டு ஓட்டிலிருந்து சொட்டுகிற சத்தம், நனைந்த மண் வாசனை, அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கிற நெடி. மண் வாசனை மட்டும் ஜன்னல் பக்கமிருந்து வரவில்லை. மெத்தைப் பக்கமிருந்து வந்தது.

பென்சனுக்கு போன் போட்டாள். ஆலங்குளத்தில் வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். பட்டையைத் தலைகீழாகத் தைத்திருப்பாய் என்றான்.

“பொட்டு மேலதான் இருக்கு. தொட்டுப் பாத்துட்டேன்.”

“அப்ப என்ன, தரைக்கு அடியில ஆளு படுத்திருக்கா?” அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“சீக்கிரம் வாங்க.”

“செத்த நேரத்துல வாரேன். பிள்ளைய எழுப்பிறாத.”

மெத்தையருகே மண்டியிட்டு சிமெண்ட் தரையில் உள்ளங்கையை வைத்தாள். மழை நாளில் சில்லிட்டிருக்க வேண்டிய தரை. சில்லிட்டுத்தான் இருந்தது, சுவரோரம். மெத்தையைச் சுற்றி மட்டும், ஓர் ஆள் நீளத்துக்கு, வெதுவெதுப்பு.

கையை இழுத்துக்கொண்டாள். திரையைப் பார்த்தாள்.

இறக்கம் நெருங்கிவிட்டிருந்தது. ஜூடி இழுக்கும் நேரம் பார்த்து அதுவும் இழுத்தது. ஏற்றத்தை இறக்கம் தின்றது. மேடு குறைந்தது. இன்னும் குறைந்தது.

கோடு நேராகிவிட்டது.

அவள் எத்தனையோ ராத்திரி பயந்த கோடு.

பாய்ந்தாள். பிள்ளையை வாரி எடுத்தாள். தோளில் போட்டு முதுகைத் தேய்த்தாள், தட்டினாள், ஏசுவே ஏசுவே என்றாள்.

கழுத்தில் சூடாக மூச்சுப் பட்டது.

அழுகை பீறிட்டு வந்தது. உயிர் இருக்கிறது. அது போதும். சுவரில் சாய்ந்து பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

மூச்சு நீளமாக வந்தது. அவசரமில்லாமல்.

தடுக்கவேயில்லை.

தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

எதிரே மெத்தை காலியாகக் கிடந்தது. திரையில் பச்சைக் கோடு அசைந்தது. இறங்கியது. பாதியில் சின்னதாகத் தடுக்கி, பிறகு முழுசாக இறங்கியது.

மறுபடியும் இறங்கியது. கியர் மாற்றியது.

அவள் தோளில் கிடந்தது, மெல்லத் தலையைத் தூக்கியது.