வடிவுக்கு நூற்றுக்கு நூறு

மதியம் இரண்டே காலுக்குத் திரையின் மூலையில் இருந்த எண் 99.9-இலிருந்து 100-க்குத் தாவியது. செண்பகவல்லி திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சென்டம்ட்டி," என்றாள் மகளிடம். "நாப்பத்தோரு நாட்டுல ஒருத்தருக்கும் விழல. ஒனக்கு விழுந்துருக்கு."

வடிவு வயலினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பதினேழு வயது. இன்னும் ஒன்றேகால் மணி நேரத்தில் உலக இளம் செவ்வியல் இசைப் போட்டியின் இறுதிச் சுற்று. வியன்னாவில் நடுவர்கள், சியோலில் ஒரு பியானோக்காரன், பிரேசிலில் ஒரு செல்லோக்காரி, பாளையங்கோட்டையில் இவள். யாரும் வீட்டை விட்டு நகரப் போவதில்லை. முன்செவி வந்த பிறகு யாரும் எதற்காகவும் நகர்வதில்லை.

கடல் தாண்டிப் போக ஒலிக்குக் கால் நொடி பிடிக்கும். அரட்டைக்கு அது போதும், தாளத்துக்கு ஆகாது. பாளையங்கோட்டை வயலினும் டொராண்டோ மிருதங்கமும் ஆளுக்கொரு திசையில் ஓடும். முன்செவி காத்திருக்காது. வாசிப்பவர் அடுத்த கால் நொடியில் என்ன செய்வார் என்று ஊகித்து, ஒலியையும் படத்தையும் முன்கூட்டியே அந்தப் பக்கம் அனுப்பிவிடும். நிஜ வாசிப்பு பின்னாலேயே வந்து சேரும்போது ஒப்பிட்டுப் பார்த்து, ஊகம் பிசகியிருந்தால் கேட்பவருக்குத் தெரியாமல் திருத்திக்கொள்ளும். மூலையில் தெரியும் எண், அந்த ஊகத்தின் நிச்சயம்.

வடிவு இதை அம்மாவுக்குப் பலமுறை விளக்கியிருக்கிறாள். அது மார்க் இல்லை, கருவி என்னை எவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறது என்பதற்கான கணக்கு என்று. செண்பகவல்லி இருபத்திரண்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். சதவீதம் என்று ஒன்று கண்ணில் பட்டால் அதை நூறாக்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. போட்டி விதி இருநூறு மணி நேரப் பயிற்சிப் பதிவு கேட்டது. அவள் நான்காயிரம் மணி நேரத்தை ஏற்றினாள். ஏழு வருடத்துச் சாதகம், ஒரு நாள் விடாமல்.

அதற்கும் மேலாக ஒரு நோட்டு இருந்தது. கட்டம் போட்ட கணக்கு நோட்டு. அட்டையில் அவள் கையெழுத்தில் 'மனோதர்மம், கல்யாணி, 12 நிமிடம்' என்று எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்திருந்தது. மனோதர்மம் என்றால் மேடையில் அந்த நிமிடத்தில் மனதில் எழுவதை வாசிப்பது. போட்டிக்குப் போகும் வீடுகளில் அதை யாரும் மேடைக்கு விட்டுவைப்பதில்லை. எழுதி, மனப்பாடம் செய்து, இப்போதுதான் தோன்றியதுபோல் புருவத்தைத் தூக்கி வாசிக்கப் பழக்குவார்கள். புருவம் தூக்க வேண்டிய இடங்களில் செண்பகவல்லி சிவப்பு மையில் நட்சத்திரம் போட்டிருந்தாள்.

"நோட்டுல இருக்கத வாசி, போதும். புதுசா ஒண்ணையும் கெளப்பாத," என்றாள் இப்போது.

"சரிம்மா," என்றாள் வடிவு. பொய்.

அவளிடம் நோட்டில் இல்லாத ஒன்று இருந்தது. அப்பா சங்கரலிங்கம் மஸ்கட் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. அவர் ஒருமுறை கிரேன் கூண்டுக்குள்ளிருந்தே பேசியபோது, பின்னால் நகரும் கிரேனின் எச்சரிக்கை ஒலி அலைபேசியில் வந்தது. நி… ம… த… மூன்றே சுரம். அச்சு அசல் கல்யாணி. "அப்பா, ஒங்க கிரேன் பாடுது," என்று இவள் சொல்ல, அவர் அந்த இரைச்சலுக்குள் நின்று விழுந்து விழுந்து சிரித்தார். அப்போது வீட்டு அலைபேசியில் முன்செவி புதிது. எண் அறுபதுக்குப் பக்கத்தில் கிடந்தது. பின்னால் இருக்கும் சத்தமெல்லாம் வந்துவிடும்.

அந்த மூன்று சுரத்தை வைத்து வடிவு ஒரு சுரக்கோவை கட்டியிருந்தாள். பயிற்சிக் கருவி எந்நேரமும் விழித்திருந்து பதிவு செய்யும் என்பதால் வில்லை எடுக்காமல், விரலை மட்டும் தந்தியில் ஓட்டி, சத்தமே இல்லாமல் பழகியிருந்தாள். பரிசு கிடைத்தாலும் சரி, போனாலும் சரி. இன்று அப்பா பார்த்துக்கொண்டிருப்பார். நூறு கோடிப் பேர் கேட்கும் இசைக்குள் அவருடைய கிரேனை வைத்துக் கொடுக்க வேண்டும். அவர் ஒருவருக்கு மட்டும் புரியும்.

மூன்றரைக்கு ஒலியறைக் கதவு சாத்தப்பட்டது. ஒரு காலத்தில் சாமான் அறையாக இருந்த இடம். சுவரெங்கும் பஞ்சு, எதிரே பெரிய திரை. போட்டியாளர் தவிர யாரும் உள்ளே இருக்கக்கூடாது. அம்மா வெளியே கூடத்துத் தொலைக்காட்சியில் பார்க்கிறாள்.

திரையில், அவளுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கும் நிரோஷன் கொட்டாவி விட்டான். டொராண்டோவில் காலை ஆறு மணி. பத்தொன்பது வயது, யாழ்ப்பாணத்துக் குடும்பம், மிருதங்கத்தை மடியில் வைத்தபடியே பிறந்தவன் என்று நிரோஷனே சொல்லிக்கொள்வான்.

"வடிவு, வடிவா வாசியும்," என்றான் வழக்கம்போல. "நான் நித்திரை கொண்டாலும் என்ர கை உம்மோட வரும். பயப்பிடாதயும்."

கீர்த்தனை சுத்தமாகப் போனது. சுரம் தொடங்கியது. நோட்டின் முதல் பக்கம், இரண்டாம் பக்கம். முதல் நட்சத்திரத்தில் புருவத்தைத் தூக்கினாள். நான்காவது நிமிடம் நோட்டிலிருந்து இறங்கினாள்.

நி… ம… த…

வில்லை அழுத்தி இழுத்தாள். ஒலி வந்தது. இதுவரை அவள் விரல் மட்டுமே அறிந்திருந்த சத்தம் முதன்முறையாக அறைக்குள் நின்றது. இன்னொரு முறை வாசித்தாள், கொஞ்சம் வளைத்து. மூன்றாம் முறை அதைத் திருப்பிப் போட்டு, ஒரு தட்டு முன்னதாகவே நிறுத்தினாள். நிரோஷன் திகைத்துப் பார்த்துவிட்டு எட்டிப் பிடிப்பான் என்று காத்திருந்தாள்.

நிரோஷன் திகைக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே வாசித்தான். அவன் முத்தாய்ப்பு விழுந்த இடம் இவள் நிறுத்திய இடம் இல்லை. நோட்டின் மூன்றாம் பக்கம், கடைசிக் கட்டம்.

வடிவு மறுபடி கிரேனை வாசித்தாள், உரக்க. நிரோஷன் நான்காம் பக்கத்துக்குத் தாளம் போட்டான்.

அப்போதுதான் திரையின் ஓரத்தில் இருந்த சிறு சட்டத்தைப் பார்த்தாள். உலகம் பார்க்கும் படம் அது. அதில் இருந்த வடிவின் வில் மேலே போனபோது இவளுடைய வில் கீழே இருந்தது.

வாசிப்பதை நிறுத்தினாள். வில்லை மடியில் வைத்தாள்.

சட்டத்துக்குள் இருந்த வடிவு நிறுத்தவில்லை. ஐந்தாம் பக்கத்து நட்சத்திரத்தில் அழகாகப் புருவத்தைத் தூக்கினாள். வியன்னாவில் தலைமை நடுவர் கண்ணை மூடிக்கொண்டு புன்னகைத்தார்.

விதிப்புத்தகத்தின் நாற்பத்தாறாம் பக்கம் வடிவுக்கு நினைவு வந்தது. நிச்சயம் தொண்ணூறு என்றால் நொடிக்கு ஒருமுறை ஒப்பீடு. தொண்ணூற்றொன்பது என்றால் நிமிடத்துக்கு ஒருமுறை. நூறு என்றால் ஒப்பிட என்ன இருக்கிறது? இந்தப் பக்கத்துக் கதவையே சாத்திவிடும். அவளுடைய வயலின் இந்த அறையைத் தாண்டி எங்கும் போகவில்லை.

எழுந்து நின்றாள். இரண்டு கையையும் ஆட்டினாள். "நிரோஷன், நான் வாசிக்கல. நிறுத்து," என்றாள். அவன் உற்சாகமாக மிருதங்கத்தில் குனிந்தான். கதவுப் பக்கம் ஓடினாள். இடையில் யாரும் நுழைந்துவிடாதபடி சுற்று முடியும்வரை அது பூட்டியிருக்கும். பஞ்சுச் சுவரைத் தட்டினால் சத்தமும் வராது. வேறு வழியில்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்து, தான் வாசிப்பதை முடிவுவரை கேட்டாள். ஒரு பிசிறு இல்லை. நன்றாகத்தான் இருந்தது.

முடிவு வர இருபது நிமிடம் ஆனது. தலைமை நடுவர் பேசியது தமிழில் ஒலித்தது. இத்தனை வருடத்தில் இவ்வளவு தன்னிச்சையான வாசிப்பைக் கேட்டதில்லையாம். அந்தந்தக் கணத்தில் பிறந்த இசையாம். முதல் பரிசு வடிவுக்கு. அத்தோடு அறுபது நகரங்களில் கச்சேரி, நாளையே தொடக்கம். வாசிப்பவருக்கு எந்தச் சிரமமும் இருக்காது என்றார்.

"நீங்கள் சொல்ல விரும்புவது ஏதாவது?"

"அது நான் இல்ல," என்றாள் வடிவு. "நாலாவது நிமிஷத்துலேர்ந்து நான் வாசிக்கல. இப்ப பேசுறதும் ஒங்களுக்குக் கேக்காது."

சட்டத்துக்குள் இருந்த பெண் வெட்கத்தோடு தலை குனிந்தாள். அவளுடைய உதடுகளுக்குக் கீழே எழுத்து ஓடியது: 'எல்லாம் என் அம்மாவின் உழைப்பு.' நடுவர்கள் கைதட்டினார்கள்.

பூட்டு திறந்தது. செண்பகவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து மகளைக் கட்டிக்கொண்டாள். வடிவு நடந்ததை முழுவதும் சொன்னாள், முதலில் நிதானமாக, பிறகு அழுதுகொண்டு. செண்பகவல்லி கேட்டாள். கேட்டுவிட்டு, பதிவை எடுத்துப் போட்டுக் காட்டினாள். அதில் வடிவு வாசித்துக்கொண்டிருந்தாள்.

"பாரு. இது யாரு?"

"நானில்லம்மா."

"ஏட்டி, உள்ள பதட்டத்துல ஒனக்கு என்னமோ ஆயிருக்கு. நோட்டுல உள்ளத ஒரு எழுத்து மாறாம வாசிச்சிருக்க. நான் வரிக்கு வரி விரல் வச்சுப் பாத்தேன்லா? என்னையும் உலகத்தையும் விட்டுட்டு நீ சொல்லுதத நம்பச் சொல்லுதியா?"

ஆதாரம் முழுவதும் அந்தப் பக்கம் இருந்தது.

"அழாத. இந்தா, அப்பா லைன்ல இருக்காக. முடிஞ்ச ஒடனே கூப்ட்டாக. ஒங்கிட்டப் பேசணுமாம்."

லைனில் இருப்பது அவருக்குப் புதிதில்லை. போன முதல் வருடத்திலிருந்தே பழக்கம். அழைப்பைத் துண்டிக்க மனம் வராமல் அலைபேசியை அலமாரியில் சாய்த்துவைத்துவிட்டுச் சமைப்பார், துவைப்பார், சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போடுவார். இவர்களும் இங்கே கூடத்தில் வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அவ்வப்போது அந்தப் பக்கம் ஒரு செருமல் கேட்டால் அப்பா வீட்டில் இருக்கிறார் என்று தோன்றும்.

வடிவு மணியைப் பார்த்தாள். ஐந்துக்குப் பத்து நிமிடம். அலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா."

"தாயி. பாத்தேன். நல்லா வாசிச்ச."

"அப்பா, நான் ஒண்ணு வாசிச்சேன், ஒங்களுக்குக் கேட்டுருக்காது. ஒங்க கிரேன் சத்தம். நி, ம, த. ஞாபகம் இருக்காப்பா?"

அந்தப் பக்கம் ஒரு சின்ன இடைவெளி. ஒரு கேள்வியைக் கேட்டு முடிக்க ஆகும் நேரம்.

"சாப்ட்டேன் தாயி. மீன் கொழம்பு. நீ சாப்ட்டியா?"

வடிவு அலைபேசியைக் காதிலிருந்து எடுத்து மூலையைப் பார்த்தாள். 100. இந்த எண்ணை அவள் இத்தனை நாள் கவனித்ததில்லை. வரலாற்றைத் தட்டினாள். எண் நூறாகி ஒரு வருடம், எட்டு மாதம், பதினோரு நாள். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், படிச்சியா, படிச்சேன், எப்பப்பா வருவீங்க, அடுத்த வருசம் தாயி. முன்செவிக்கு நான்காயிரம் மணி நேரமெல்லாம் இவர்களிடம் தேவைப்பட்டிருக்கவில்லை.

"அப்பா," என்றாள். "நிஜமா நீங்கதானா?"

"அடுத்த வருசம் தாயி. கண்டிப்பா."

அவள் அலைபேசியை மேசைமேல் வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அப்பா தொடர்ந்து பேசினார். இவள் சொல்லாத பதில்களுக்குச் சரியாக இடம் விட்டு, சரியான இடத்தில் சிரித்து. கூடத்தில் அம்மா அக்கம்பக்கத்தாருக்குப் பதிவைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணி வீடு முழுக்க நிறைந்திருந்தது.

மஸ்கட்டில் சங்கரலிங்கம் டியூட்டி பஸ்ஸைப் பிடிக்க ஓடி இருபது நிமிடம் ஆகியிருந்தது. கூண்டுக்குள் அலைபேசி கொண்டுபோக இப்போது அனுமதி இல்லை. போகுமுன் அவர் அலைபேசிக்குப் பக்கத்தில் குனிந்து, கீர்த்தனைக்குப் பிறகு உன் கண்ணில் ஏதோ ஒன்று இல்லையே தாயி, உடம்புக்கு என்ன என்று இரண்டு தரம் கேட்டார். "நல்லாருக்கேன்ப்பா," என்று வந்தது. சரி, நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று லைனைத் துண்டிக்காமல் அலமாரியில் சாய்த்துவைத்துவிட்டுப் போயிருந்தார்.

காலிக் கட்டிலைப் பார்த்தபடி அலைபேசி, வடிவின் குரலில், சட்டையெல்லாம் துவைச்சீங்களா என்று கேட்டது. துவைத்தேன் தாயி என்று பாளையங்கோட்டையில் அவர் குரல் சொன்னது.

துறைமுகத்தில் அவருடைய கிரேன் பின்னால் நகர்ந்தது. நி… ம… த…