பானெட்டில் இரண்டு தட்டு

1988ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடம். கத்திரி வெயில்; காற்று அடியோடு நின்றிருந்தது. மாடம்பாக்கத்தில் எங்கள் பள்ளிக்குச் சொந்தமான வண்டிக் கொட்டகையின் தகரக் கதவை மெக்கானிக் ஹாஜா மைதீன் இழுத்துத் திறந்தார். உள்ளிருந்து பெட்ரோல் வாடை வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது சேற்று வாடை; கோரை அழுகிய சதுப்பு நீரின் வாடை.

இதை இடக்கையால் எழுதுகிறேன். எழுத்துகள் கோணலாக இருப்பின் பொறுத்தருள வேண்டும்.

என் பெயர் தோத்தாத்ரி. அப்போது அப்பள்ளியின் நிர்வாக அலுவலர். ஓட்டுநர் சிட்டிபாபுவின் சாவை விசாரித்து முடிவெழுதும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருந்தது.

நடந்தது இவ்வளவே. ஏப்ரல் 26 மாலை, பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய சாலையில், பதினெட்டுக் குழந்தைகளுடன் வந்த பள்ளி வேன் கொதித்து நின்றது. சிட்டிபாபு குழந்தைகளை இறக்கித் தொலைவில் நிறுத்தினார். சதுப்பிலிருந்து இரண்டு டப்பாக்களில் தண்ணீர் முகந்து வந்தார். ரேடியேட்டர் மூடியைத் திருகினார். கொதிநீர் முகத்திலும் மார்பிலும் பாய்ந்தது. நான்காம் நாள் இறந்தார்.

நான் முடிவு செய்ய வேண்டியது ஒன்றே: தவறு ஓட்டுநருடையதா, பராமரிப்பினுடையதா? பராமரிப்பினுடையது எனில், பள்ளி விதிப்படி அவர் மனைவி கிளியம்மாளுக்கு ஆயா வேலை கிடைக்கும். கொட்டகையை ஒட்டி அவர்கள் குடியிருந்த அறையும் நிலைக்கும். ஓட்டுநருடையது எனில் இரண்டும் இல்லை.

கிளியம்மாள் கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

"அவரு ஒரு நாளும் அவசரப்பட மாட்டாரு சார். மூடியத் தொறக்கறதுக்கு முன்னாடி பானெட்டுல ரெண்டு தட்டு தட்டுவாரு. தள்ளி நின்னுக்கோன்னு அல்லாருக்கும் சொல்லுவாரு. கோணிய நனைச்சிப் போட்டுத்தான் திருகுவாரு. புள்ளைங்களக் கேட்டுப் பாரு சார்."

"விசாரிக்கிறேன்மா" என்றேன். குழந்தைகளை விசாரிக்கும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை.

வேன் மூக்கு நீண்ட பழைய வண்டி. இருபத்தொரு நாள்களாக அதை யாரும் கிளப்பவில்லை. ஹாஜா மைதீன் பானெட்டைத் தூக்கி, இஞ்சினின் தலைப்பகுதியில் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி, ஒரு வளைந்த மூடியை எடுத்தார்.

"பாரு சார். காலி. தண்ணி சூடானா தொறக்குற தெர்மோஸ்டாட்டு இருக்க வேண்டிய எடம் இது."

"நம் ஊர் வெயிலுக்கு அது வேண்டாம் என்றுதானே எல்லா வண்டியிலும் எடுத்துவிடுகிறார்கள்?"

"ஊரே அப்டித்தான் ஓட்டுது. சில இஞ்சினுக்குச் சரி. இத்துக்கு ஆவாது. பக்கத்துல இந்த ஓட்டை கீதே, பைபாஸு, அத்த மூடறதே தெர்மோஸ்டாட்டுதான். அது இல்லன்னா, கொதிச்ச தண்ணில பாதி ரேடியேட்டருக்கே போவாது. உள்ளயே சுத்திகினு கொதிக்கும். நான்தான் சிட்டிபாபுகிட்ட சொன்னேன். ஆபீசுல மூணு வாட்டி மனு குடுத்தான் சார். எந்த மவராசன் வேணாம்னு எய்தினானோ."

அந்த மகராசன் நான்தான். மூன்று மனுக்களும் என் மேசைக்கே வந்தன. மூன்றாவதில் இருந்த நான்கு எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி, கீழே எழுதினேன்: "புதிது தேவையில்லை. பழையதைக் கழற்றிவிட்டு ஓட்டவும்." கையொப்பமும் இட்டேன். அவர் இறந்த மறுநாள் புதிய தெர்மோஸ்டாட் வாங்க அனுமதி அளித்ததும் நானே.

அந்தப் புதியதை ஹாஜா மைதீன் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். உள்ளங்கையில் அடங்கும் பித்தளை வட்டம். நடுவில் வில்லால் இறுக்கப்பட்ட சிறு தட்டு. மண்ணெண்ணெய் அடுப்பில் குண்டான் வைத்து, தண்ணீரில் அதைக் கம்பியால் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானியை நிறுத்தினார். எண்பத்திரண்டு டிகிரியில் தட்டு மெல்ல நகர்ந்தது.

"வாயத் தொறக்குது பாத்தியா? இனி ஆறினா மூடிக்கும். நம்ம வூட்டு ஆளுங்கள மாரி இல்ல சார், சொன்ன பேச்சு கேக்கும்."

சிரித்துக்கொண்டே வெந்நீரைக் கொட்டிவிட்டுப் பானைத் தண்ணீரை ஊற்றினார்.

தட்டு மூடவில்லை.

இன்னொரு செம்பு ஊற்றினார். வெப்பமானி முப்பதைக் காட்டியது. தட்டு திறந்தே இருந்தது. அவர் சிரிப்பை நிறுத்தினார்.

டக். டக்.

வேனின் பக்கமிருந்து வந்த ஒலி. குண்டானுக்குள் தட்டு மூடிக்கொண்டது.

"தகரம் வெயிலுக்கு விரியுது" என்றார் ஹாஜா மைதீன், என்னைப் பாராமலே. புதியதைப் பொருத்தி, போல்ட்டுகளை முடுக்கினார். பழைய தண்ணீரை வடிப்பதற்காக வண்டியின் அடியில் படுத்து நுழைந்தார்.

"மேல மூடியத் திருகி எடு சார், அப்பத்தான் தண்ணி எறங்கும். பயப்படாத, ஜில்லுனு கீது."

தொட்டுப் பார்த்தேன். ரேடியேட்டர் குளிர்ந்திருந்தது. மூடியைப் பற்றினேன்.

என் உள்ளங்கைக்குக் கீழே, இரும்பின் உட்புறத்திலிருந்து, யாரோ தட்டினார்கள்.

இரண்டு முறை.

சேற்று வாடை என் முகத்தருகே வந்தது. செவியோரம் ஒரு குரல். தாழ்ந்த, மரியாதையான குரல்.

"தள்ளி நின்னுக்கோ சார்."

தள்ளி நின்றேன். சிந்தித்துச் செய்ததன்று, உடல் தானே நகர்ந்தது. மறுகணம் மூடி தெறித்துக் கூரைத் தகரத்தில் மோதியது. ஆள் உயரத்துக்குக் கொதிநீர் எழுந்து, நான் நின்ற இடத்தில் விழுந்தது. சிமெண்டுத் தரையில் நீர் வற்றியதும், வெந்த கோரைத் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

ஹாஜா மைதீன் வெளியே தவழ்ந்து வந்தார். பிறகு டிரைவர் இருக்கையின் அடியிலிருந்து ஒரு கோணித் துண்டை எடுத்துக் காட்டினார். பாதி வெந்து, விறைத்துப் போயிருந்தது.

"கோணி போட்டுத்தான் தொறந்துகிறான். இத்தயும் எய்திக்கோ. இப்ப உன்னக் காப்பாத்தினது யாருன்னு உனக்கே தெரியும். உண்மைய எய்துவியா சார்?"

"எழுதுவேன்" என்றேன்.

எழுதவும் செய்தேன்; ஒன்பது பக்கம். மூன்று மனுக்களையும், கோணியையும், என் கையொப்பத்தையும் அதில் குறிப்பிட்டேன். பள்ளிச் செயலாளர் வேதசிரோமணி கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் படித்தார்.

"தமிழ் ரொம்ப அழகா இருக்கு தோத்தாத்ரி. ஆனா இது பேரண்ட்ஸ் கைக்குப் போச்சுன்னா ஸ்கூலே இருக்காது. அப்புறம், அந்த மூணாவது மனுல யார் கையெழுத்து? கோர்ட்டுல நிக்கப்போறது நானா, நீங்களா? ரிட்டையர் ஆக நாலு வருஷம் இருக்கு உங்களுக்கு. ஒரே பக்கத்துல முடிங்க."

ஒரே பக்கத்தில் முடித்தேன். "சூடான ரேடியேட்டரைக் கவனக்குறைவாகத் திறந்ததே மரணத்துக்குக் காரணம்." அவ்வாக்கியத்தில் பிழை ஏதும் இல்லை, இரண்டு முறை சரிபார்த்தேன். மனுக்கள் மூன்றையும் கோப்பிலிருந்து உருவி என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

புதிய தெர்மோஸ்டாட் பொருத்திய பிறகு அந்த வேன் ஓட்டத்தில் ஒரு நாளும் கொதிக்கவில்லை. மே மாதக் கடைசியில் மேல்மருவத்தூர் வரை ஓட்டிப் பார்த்தோம். இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுக்கோட்டைத் தாண்டவே இல்லை. சிட்டிபாபு கேட்டது அது ஒன்றைத்தான்.

ஜூன் 6, திங்கட்கிழமை, காலை ஆறு ஐம்பது. பள்ளி திறக்கும் நாள். இரவு மழை பெய்து காற்று குளிர்ந்திருந்தது. வேன் கொட்டகைக்கு வெளியே நின்றது. வெள்ளிக்கிழமைக்குப் பின் அதைக் கிளப்பவில்லை. பானெட்டின் மேல் மழைத்துளிகள் உருண்டு நின்றன. கிளியம்மாள் அறைக்குள்ளிருந்து வந்தாள். ஆயாக்கள் உடுத்தும் நீலச் சேலையை எங்கிருந்தோ வாங்கி உடுத்தியிருந்தாள்.

ஹாஜா மைதீன் கையைத் துணியில் துடைத்தபடி என் கையிலிருந்த ஒற்றைத் தாள் ஆணையையும் என் முகத்தையும் பார்த்தார். பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னா சார், ஒரே ஒரு பேப்பர்தானா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருப்பக்கம் நடந்தார்.

"இன்னா சார் எய்திகீது?" என்றாள் கிளியம்மாள். "நான் இன்னிக்கே வேலைக்கு வரணுமா?"

"முடிவு எழுதியிருக்கேன்மா. யாரையாவது விட்டுப் படிச்சுக்கோ."

அவள் என் எதிரே நெருங்கி வந்தாள். நான் வேனின் முன்பக்கத்தில் முதுகை ஒட்டி நின்றிருந்தேன். முதுகில் இரும்பின் குளிர்ச்சி. ஆணையை வலக்கையில் எடுத்து நீட்டினேன். அவள் இரு கைகளையும் ஏந்தினாள்.

சேற்று வாடை வந்தது. சட்டைப் பையில் மனுக்கள் இருந்த இடம் நனைந்தது.

டக். டக்.

என் முதுகெலும்பில் அதை உணர்ந்தேன். இரும்பின் குளிர்ச்சி சூடாக மாறியது. செவியைத் தீட்டிக்கொண்டு, அந்தக் குரலுக்காகக் காத்திருந்தேன். அது வந்தது. அதே தாழ்ந்த குரல். ஆனால், என்னை விளிக்கவில்லை.

"தள்ளி நின்னுக்கோ, கிளி."

கிளியம்மாள் ஆணையை வாங்கிக்கொண்டு, இரண்டடி தள்ளி நின்றாள்.